பத்து மணித் தேநீருக்கு ஒரு டெண்டர்

அதிகாரத்தைத் தலைநகர் நைரோபியிலிருந்து மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று முடிவானபோது, கிசிர்வா கவுண்டி என்ற மாவட்டத்தின் தலைமை அலுவலகத்தை ஊரிலிருந்து நாலு புள்ளி இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மக்காச்சோளக் காட்டின் நடுவில் கட்டினார்கள். ஊரிலிருந்து அங்கே போக ஒரு தார்ச்சாலையும் திட்டமிட்டார்கள். முதல் கட்டமாக அலுவலக வாசலிலிருந்து இருநூறு மீட்டர் போட்டார்கள். கவர்னர் வந்து ரிப்பன் வெட்டினார். அந்த இருநூறு மீட்டர் முடிகிற இடத்தில் நின்று பார்த்தால் செம்மண் தடமும் சோளமும்தான் தெரியும். இரண்டாம் கட்டம் எப்போது என்று யாராவது கேட்டால் முதல் கட்டம் எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள் என்று பதில் வரும்.

நன்றாகத்தான் இருந்தது, ஒரு மாதம். பிறகு அலுவலக வாசலுக்கு நேர் எதிரே ஒரு குழி விழுந்தது. குழியைப் பதிவேட்டில் முதல் எண் கொடுத்து எழுதிக்கொண்டார்கள். எட்டு வருடமாக அது எழுதப்பட்டபடியே இருக்கிறது. மழைக்காலத்தில் வாத்துகள் வரும். ஊரார் அதற்குக் கவர்னர் குளம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் குளத்தைச் சுற்றித்தான் ரோடா நஞ்சேகோ தினமும் காலையில் தன் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள். வண்டியில் நாலு பெரிய ஃபிளாஸ்க், ஒரு கூடை நிறைய, எண்ணெயில் பொரித்த முக்கோண மண்டாஸி. பாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, இலையைப் போட்டுச் சேர்த்தே கொதிக்கவிட்ட தேநீர். கிசிர்வா கவுண்டியில் நேரப்படி நடக்கிற காரியம் என்று ஒன்று இருந்தால் அது பத்து மணித் தேநீர்தான். கோப்புகள் தூங்கும், கணினிகள் படுக்கும், பத்து மணிக்கு ரோடா மட்டும் வந்து நிற்பாள். ஒரு நாளைக்கு இருநூற்றுப் பத்து கோப்பை. அவரவர் குடித்தார்கள், அவரவர் சில்லறையைக் கொடுத்தார்கள். ஒன்பது வருடமாக இதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் வினையாகிப் போனது.

நைரோபியிலிருந்து வந்த தணிக்கை அதிகாரி ஒருவர் இரண்டு கோப்பை குடித்து மூன்று மண்டாஸியைத் தின்று, மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இந்தம்மா எந்த கொள்முதல் முறையில உள்ள வந்தாங்க?"

கொள்முதல் இயக்குநர் எலைஜா மகோகா கோப்பையை மேசைக்குக் கீழே வைத்தார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. முறைப்படி டெண்டர் எடுத்தவர் தவிர வேறு யாரும் வளாகத்துக்குள் தேநீர் கொண்டுவரக் கூடாது. ஊழியர்கள் வேலை நேரத்தில் வெளியே போய்க் குடிக்கவும் கூடாது, அது முறையில் சேராதவருக்குச் சலுகை காட்டுவதாகிவிடும்.

மகோகா நல்ல மனிதர். சுற்றறிக்கையை அவரே வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க ரோடாம்மா. இது என் கையில இல்ல. சட்டம்."

"சரி சார். நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"

"நாளைக்கு வரக்கூடாதுன்னுதான் சொல்றேன். டெண்டர் போடணும். நான் இந்த நாற்காலிக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, என் மேல ஒரு புகார் உண்டா? கெடையாது. ஏன்னா இந்த ஆறு வருஷத்துல நான் எதையுமே வாங்கல. அவ்வளவு கண்டிப்பு. உங்க விஷயத்துல முதல் தடவையா வாங்கப் போறேன், கொஞ்சம் ஒத்துழைங்க."

"தோத்துட்டா?"

"தோத்தா அடுத்த நிதியாண்டு பாக்கலாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஃபிளாஸ்க்ல கொஞ்சம் மிச்சம் இருக்கா?"

ரோடாவுக்கு வேறு வாடிக்கையாளர் என்று ஒருவர்கூட இல்லை. சோளத்துக்கு நடுவில் யார் வந்து தேநீர் கேட்பார்கள்? இந்த டெண்டர் போனால் இருநூற்றுப் பத்து கோப்பையும் போச்சு. அன்று மாலையே ஊருக்குள் போய் ஃபெஸ்டஸின் கணினிக் கடையில் நின்றாள்.

ஃபெஸ்டஸ் அந்த ஊரில் பிறப்புச் சான்றிதழ் முதல் வரிக் கணக்குவரை எல்லாவற்றையும் அச்சடித்து, பைண்டு போட்டுக் கொடுக்கிறவன். இணையத்திலிருந்து டெண்டர் ஆவணத்தை இறக்கினான். அச்சுப்பொறி மூச்சு வாங்க ஆரம்பித்தது. எண்பத்து நாலு பக்கம்.

"ஒரு கப் டீக்கா?"

"அக்கா, போன வருஷம் ஆஸ்பத்திரிக்கு துடைப்பம் வாங்க டெண்டர் விட்டாங்க, இன்னும் வாங்கல. அது நூத்திப் பத்து பக்கம். உங்களுது சின்னது." அவன் முதல் பக்கத்தைப் படித்தான். இரண்டாம் பக்கத்தைப் படித்தான். தலையைச் சொறிந்தான். "அக்கா, இதுல டீயோட நீளம் நாலு புள்ளி ரெண்டு கிலோமீட்டர்னு போட்டிருக்கு."

விஷயம் இதுதான். கொள்முதல் துறையில் யாரும் புதிதாக ஆவணம் எழுதுவதில்லை. எழுதினால் தப்பு வரும். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பழைய ஆவணத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றுவார்கள். கிசிர்வாவில் ஒப்புதல் பெற்ற ஆவணம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்தத் தார்ச்சாலை. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி, சாலை என்று இருந்த இடத்தில் எல்லாம் தேநீர் என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே தேநீரின் இருபுறமும் வடிகால் இருக்க வேண்டும். தேநீர் ஊற்றும்போது நூற்று நாற்பது டிகிரிக்குக் குறையக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு அருகில் தேநீரில் வேகத்தடை அமைக்க வேண்டும். முதல் கட்டமாக இருநூறு மீட்டர் தேநீர் போட்டு, கவர்னர் ரிப்பன் வெட்டித் திறந்து வைக்க, பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விட வேண்டும்.

"இது தப்புன்னு சொல்லிடலாமே" என்றாள் ரோடா.

"சொல்லலாம். எழுத்து மூலமா கேக்கணும்."

எழுத்து மூலமாகக் கேட்டார்கள். ஏழாம் நாள் எழுத்து மூலமாகப் பதில் வந்தது. ஆவணத்தில் உள்ளபடி என்று ஒரே வரி, கீழே மூன்று கையெழுத்து, இரண்டு முத்திரை.

அதற்கப்புறம் ரோடா யோசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டதைச் செய்ய ஆரம்பித்தாள். இயந்திரங்களின் பட்டியலில் ஒரு உருளை வேண்டும் என்று இருந்தது. ஃபெஸ்டஸ் எழுதினான்: உருளை ஒன்று, மரம், மண்டாஸி மாவு தேய்ப்பது, நல்ல நிலையில். சரக்கு வாகனம்: ஒன்று, ஒற்றைச் சக்கரம். தலைமைப் பொறியாளர், குறைந்தது எட்டு வருட அனுபவம்: ரோடா நஞ்சேகோ, ஒன்பது வருடம். போலீஸ் நிலையத்தில் பத்து விரலையும் மையில் தோய்த்து, அவள் குற்றவாளி இல்லை என்று ஒரு சான்றிதழ் வாங்கினாள். வரி பாக்கி இல்லை என்று ஒன்று, திவால் ஆகவில்லை என்று ஒன்று, அவள் அவள்தான் என்று ஒன்று.

நீளம் மட்டும் இடித்தது. மேசையில் இருந்த கோப்பையை ரோடா வெறித்துப் பார்த்தாள்.

"ஃபெஸ்டஸ், இந்த கப்பு எத்தன சென்டிமீட்டர் அகலம்?"

அளந்தான். எட்டு.

"கப்ப ஒட்டி ஒட்டி வரிசையா வச்சா நாலு புள்ளி ரெண்டு கிலோமீட்டருக்கு எத்தன வரும்?"

கணினியில் தட்டினான். ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. ரோடா விரல் விட்டு எண்ணினாள். ஒரு வருடத்தில் வேலை நாள் இருநூற்று ஐம்பது. ஒரு நாளைக்கு இருநூற்றுப் பத்து. கணக்கு அப்படியே உட்கார்ந்தது.

"ஒரு வருஷத்து டீ" என்றாள். "அப்போ சரியாத்தான் கேட்டிருக்காங்க."

ஃபெஸ்டஸ் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். "அக்கா, அவங்களுக்குத் தெரிஞ்சு கேட்டிருந்தா நான் கடைய மூடிட்டுப் போயிடறேன்."

கடைசியாக எண் போடும் வேலை. ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரிசையாகக் கையால் எண் எழுத வேண்டும். சான்றிதழ்கள், இணைப்புகள், வெற்றுப் பக்கங்கள் உட்பட. ஆஸ்பத்திரிக்கு மெத்தை விற்க வந்த ஒருவர் ஒரு வெற்றுப் பக்கத்துக்கு எண் போட மறந்து, எல்லாம் இருந்தும் வெளியே போனார் என்று ஃபெஸ்டஸ் கண்ணில் பயத்தோடு சொன்னான். மொத்தம் நூற்று முப்பத்தேழு பக்கம், அசல் ஒன்று, நகல் ஒன்று. ரோடா இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். எண் எழுத ஒவ்வொரு பக்கத்தையும் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பின பக்கத்தைக் கண் படித்துவிடுகிறது, என்ன செய்ய. இப்படியாக, கிசிர்வா கவுண்டியின் ஒப்பந்த ஆவணம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த முதல் ஆள் அவள்தான்.

பிறகு இடப் பார்வை. அதற்கு வராதவர்கள் தகுதி இழப்பார்கள். போட்டிக்கு எட்டு கம்பெனிகள் வந்திருந்தன. அதில் ஐந்து சாலை போடுகிற கம்பெனிகள், மஞ்சள் சட்டையும் தலைக்கவசமும் போட்ட ஆட்கள். மகோகா எல்லோரையும் வரிசையாக அழைத்துப் போய்க் கூட்ட அறை மேசையைக் காட்டினார்.

"இதுதான் இடம்."

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். ஒருவர் தட்டிப் பார்த்தார். ரோடா ஒன்பது வருடமாகத் துடைத்த மேசை அது. அந்த மேசையைப் பார்த்தாள் என்று அவளுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

"நீங்க ஏன் சார் இப்படி எளைச்சுட்டீங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மூணு வாரமா மண்டையிடி" என்றார் மகோகா. "பத்து மணி ஆனா எழுத்தெல்லாம் ரெண்டா தெரியுது. நேத்து ரெண்டு பேரு தப்பான கோப்புல கையெழுத்து போட்டுட்டாங்க. ஒரு டிஸ்பென்சரிக்கு ஒப்புதல் ஆயிடுச்சு."

டெண்டர் பெட்டி திறக்கும் நாள் வந்தது. முதலில் ஜெபம். பிறகு ஒவ்வொருவரும் எழுந்து, தனக்கு மேலே உள்ளவர், கீழே உள்ளவர், வந்தவர், வராதவர் எல்லோருக்கும் பெயர் சொல்லி வணக்கம் செலுத்தினார்கள். நாற்பது நிமிடம் ஆனது. அதன் பிறகு மகோகா எழுந்து, "எல்லா மரியாதையும் செலுத்தப்பட்டதா வச்சுக்குவோம்" என்று சொல்லி, பிறகு தானும் ஒருமுறை செலுத்தினார்.

"இந்த டெண்டர் முழுக்க முழுக்க வெளிப்படையானது" என்றார். "எந்த அளவுக்கு வெளிப்படைன்னா, யாரு ஜெயிப்பாங்கன்னு எனக்கே இன்னும் யாரும் சொல்லல."

யாரோ கை தட்டினார்கள். மதிப்பீட்டுக் குழுவை அறிவிக்கும்போதுதான் சிக்கல் வந்தது. விண்ணப்பதாரரிடம் இதற்கு முன் எதையாவது வாங்கிச் சாப்பிட்டவர் குழுவில் இருக்கக் கூடாது என்று சட்டம். ரோடாவின் தேநீரைக் குடிக்காத ஆள் கவுண்டியில் யார்? ஒவ்வொரு அதிகாரியாக எழுந்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி, தான் குடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்கள். கணக்கதிகாரி போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தினம் மூன்று கோப்பை.

சல்லடை போட்டுத் தேடி மூன்று பேரைக் கண்டுபிடித்தார்கள். கிடங்குக்காரர் ஜோசயா, வயிற்றுப் புண், வெந்நீர் மட்டும். பதிவறை எழுத்தர் ஒருவர், ஏழாம் நாள் சபைக்காரர், தேநீர் அவர்களுக்கு ஆகாது. போன வாரம் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த கால்நடை மருத்துவர், ஒட்டகப் பால் தவிர வேறு எதையும் வாயில் வைக்காதவர். வாழ்க்கையில் தேநீரே குடிக்காத இந்த மூவர்தான் தேநீரைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார்கள். விண்ணப்பதாரர்கள் மாதிரிக்காகச் சீல் வைத்து அனுப்பிய ஃபிளாஸ்க்குகளை அவர்கள் திறக்கவில்லை. குலுக்கிப் பார்த்தார்கள்.

பதினெட்டு நாள் உட்கார்ந்தார்கள். ஒரு கம்பெனி நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு இரண்டு தடவை எண் போட்டிருந்தது, போயிற்று. ஒரு கம்பெனியின் முத்திரை சாய்ந்திருந்தது, போயிற்று. நைரோபி ஹோட்டல் கம்பெனி ஒன்று நல்ல தேநீர் தருவதாக எழுதியிருந்தது, ஆனால் நீளத்தைக் குறிப்பிடவில்லை. மஞ்சள் சட்டைக்காரர்கள் ஐந்து பேரும் நீளத்தைக் குறிப்பிட்டார்கள், சர்க்கரையைக் குறிப்பிடவில்லை. நீளம், அகலம், உருளை, சர்க்கரை எல்லாம் இருந்த ஒரே விண்ணப்பம் ரோடாவுடையது.

ஜோசயா கடிதத்தைக் கொடுக்கும்போது கை குலுக்கினார். "உங்க பக்க எண்ணெல்லாம் அவ்வளவு அழகும்மா. நான் டீ குடிக்கிற ஆளா இருந்தா உங்க கடையிலதான் குடிப்பேன்."

ரோடா நேராகத் தள்ளுவண்டியை எடுக்கப் போனாள். மகோகா தடுத்தார்.

"அப்படி இல்ல. ஒப்பந்தப்படிதான் செய்யணும். முதல் கட்டம் இருநூறு மீட்டர். போட்டு, கவர்னர் திறந்து வச்சு, அளந்து ஒப்படைச்சப்புறம்தான் எங்களுக்கெல்லாம்."

"சார், நெஜமாவே ரோட்டுல கப்பு வைக்கச் சொல்றீங்களா?"

"நான் சொல்லல. ஆவணம் சொல்லுது. எனக்கும் புரியுது ரோடாம்மா, இது கொஞ்சம்..." அவர் சரியான வார்த்தையைத் தேடினார். "ஆனா திருத்தணும்னா மறு டெண்டர். இன்னும் எட்டு மாசம். என்னால எட்டு மாசம் தாங்காது."

இருநூறு மீட்டர் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு கோப்பை. ரோடா தன் பெண்கள் சீட்டுக் குழுவைக் கூட்டினாள். கிசிர்வாவில் ஒரு துக்க வீடு என்றால் இரண்டாயிரம் பேருக்குச் சாதாரணமாகச் சமைத்துப் போடுகிறவர்கள் அவர்கள். இருபத்தைந்து பேர். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தார்கள், பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மூன்று சர்ச்சிலிருந்து கோப்பைகள் வந்தன. பாலும் சர்க்கரையும் சீட்டுப் பணத்திலிருந்து. அந்த வருடத்துச் சீட்டு முழுவதும் அந்தப் பானைகளில் கொதித்தது. அன்றைக்கு ரோடா ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் பெயர் பெயராக எழுதி வைத்தாள். தன் பிழைப்பு போனால் போகட்டும், இருபத்தைந்து பேருடைய பணம்.

திறப்பு விழா காலை பத்து மணி என்று போட்டிருந்தார்கள். அதனால் கவர்னர் கிறிஸ்பினஸ் வெபுகுலு ஒரு மணிக்கு வந்தார். கூடாரம் போட்டிருந்தது. இருநூறு மீட்டர் தார்ச்சாலையில், கவர்னர் குளத்தின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் வளைந்து, கோப்பைகள் ஒட்டி ஒட்டி நின்றன. ஒவ்வொரு நூறு கோப்பைக்கும் ஒரு பெண், ஒரு அடுப்பு, ஒரு கெட்டில். கவர்னர் கத்தரிக்கோலை எடுத்தால்தான் ஊற்றுவது என்று ரோடா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கவர்னர்களின் பேச்சு எவ்வளவு நேரம் போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஊரே வந்திருந்தது. பைக் டாக்ஸிக்காரர்கள், சந்தைப் பெண்கள், துக்க வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரிக் கூட்டம். கவுண்டி ஊழியர்கள் மட்டும் வேலிக்கு உள்ளே நின்றார்கள். ஒப்படைப்பு முடியும்வரை அவர்கள் தொடக் கூடாது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னை எதிர்த்து நிக்கிறவங்க கேக்கறாங்க, கவர்னர் ஒன்பது வருஷத்துல என்ன செஞ்சாருன்னு" என்று கவர்னர் ஆரம்பித்தார். "நான் இருநூறு மீட்டர் ரோடு போட்டேன். மீதி நாலு கிலோமீட்டர உங்க நம்பிக்கைக்கு விட்டேன். குழி இருக்குன்னு சொல்றாங்க. இருக்கு. அந்தக் குழி யாரு ஆட்சியில வந்துச்சு? நம்ம ஆட்சியில. இதுக்கு முன்னாடி இங்க குழி விழ ரோடு இருந்துச்சா? இன்னிக்கு இருநூறு மீட்டர் டீ குடுக்கறேன். ரோட்ட குடிக்க முடியுமா? முடியாது. அதான் வளர்ச்சி."

ஒன்றேகால் மணி நேரம் பேசிவிட்டு அவர் கத்தரிக்கோலை எடுத்தார். இருபத்தைந்து கெட்டில்கள் ஒரே நேரத்தில் சாய்ந்தன. சோளக் காடு முழுக்க வாசனை. ரிப்பன் அறுந்தது. ஒலிபெருக்கியில் ஒருவர், இந்தத் தேநீர் இந்த நிமிடம் முதல் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறக்கப்படுகிறது என்று ஆவணத்தில் இருந்ததை அப்படியே படித்தார்.

பொதுமக்கள் பயன்படுத்தப் பாய்ந்தார்கள். ஆனால் இரண்டு முனையிலும் சீட்டுக் குழுப் பெண்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பேசினை நீட்டிக்கொண்டு குறுக்கே நின்றார்கள். இருபது ஷில்லிங்.

மகோகா ஓடி வந்தார். "என்ன ரோடாம்மா இது? அரசுத் திட்டத்துல வசூலா?"

"எழுபத்தோராம் பக்கம் சார். தேநீரைப் பயன்படுத்துவோரிடம் இரு முனையிலும் சுங்கம் வசூலிக்க ஒப்பந்ததாரருக்கு உரிமை உண்டு."

"அப்படியா போட்டிருக்கு?"

"நான் எண் போட்ட பக்கம் சார். எனக்குத் தெரியாதா?"

மகோகா ஆவணத்தை வாங்கிப் பார்த்தார். போட்டிருந்தது. கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது. அதற்குள் கவர்னர் ஒரு கோப்பையை எடுக்கக் குனிந்தார். பேசின் அவர் முன்னாலும் நீண்டது.

"அம்மா, நான் கவர்னர்."

"அரசு வாகனத்துக்கு மட்டும்தான் ஐயா விலக்கு. நீங்க நடந்து வந்திருக்கீங்க."

கவர்னர் சட்டைப் பையைத் தடவினார். அவர் பையில் பணம் இருந்து ஒன்பது வருடம் ஆகிறது. கடைசியில் அவருடைய ஓட்டுநர் இருபது ஷில்லிங் கடன் கொடுத்தார். பத்திரிகைக்காரர்கள் அதைப் படம் எடுத்தார்கள், மறுநாள் கவர்னர் தன் பணத்தில் தேநீர் குடித்த செய்தி முதல் பக்கத்தில் வந்தது.

அரை மணி நேரத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு கோப்பையும் காலி. சீட்டுப் பணம் திரும்பி, மேலேயும் கொஞ்சம் நின்றது. ரோடா கல்லின் மேல் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஜோசயா அளவு சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஒப்படைப்புக்காக வந்தார். நிதானமாக உருட்டினார். நிதானமாக எழுதினார். நீளம் சரி. அகலம் சரி. காலிக் கோப்பைகளை எண்ணினார். இரண்டாயிரத்து ஐந்நூறு குழிகள்.

வேலிக்குள் யாரோ விசும்புவது கேட்டது.

திங்கட்கிழமை மகோகா நோட்டீஸோடு ரோடாவின் வீட்டுக்கே வந்தார். கண் உள்ளே போயிருந்தது. ஒப்படைப்பு நிராகரிக்கப்பட்டிருந்தது. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் பன்னிரண்டு மாதம். அந்தக் காலத்தில் தேநீரில் விழும் குழிகளை எல்லாம் ஒப்பந்ததாரர் தன் சொந்தச் செலவில் நிரப்ப வேண்டும்.

"அதாவது" என்றார், குரலில் ஒரு சின்ன சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, "ஒரு வருஷத்துக்கு, நீங்க, தெனமும், இலவசமா. பத்து மணிக்கு வந்தா வசதியா இருக்கும்."

ரோடா உள்ளே போய் ஆவணத்தை எடுத்து வந்தாள். ஓரமெல்லாம் மாவு ஒட்டியிருந்தது. எழுபத்தொன்பதாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"படிங்க சார்."

மகோகா படித்தார். "ஒரே தடத்தில் உள்ள குழிகள், பதிவேட்டில் பதிவான வரிசைப்படி மட்டுமே நிரப்பப்பட வேண்டும். வரிசையை மீறுவது தண்டனைக்குரியது."

"என் டீய எங்க போட்டேன்?"

"ரோட்டுல."

"அந்தத் தடத்துல பதிவேட்டுல மொத நம்பர் எது சார்?"

மகோகா அந்த வரியை மறுபடி படித்தார்.

"வாத்து நீஞ்சுதே, அதுதானே?" என்றாள் ரோடா. "அது என்னோடது இல்ல. உங்களோடது. அத ரொப்புங்க. ரொப்பின மறுநாள் காலைல பத்து மணிக்கு, ரெண்டாம் நம்பர்லருந்து நான் ஆரம்பிக்கிறேன். வரிசைய மீறக்கூடாதில்ல?"

மகோகா நோட்டீஸை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கோபப்படவில்லை. ஆறு வருடத்தில் முதல் முறையாக ஒரு விதி வேலை செய்வதைப் பார்த்த மனிதர், கொஞ்சம் மிரண்டிருந்தார், அவ்வளவுதான்.

ரோடா இப்போது ஊருக்குள், பைக் டாக்ஸி நிறுத்தத்தில் கடை போட்டிருக்கிறாள். கவர்னர் குடித்த தேநீர் என்று பலகை எழுதிக் கொடுத்தது ஃபெஸ்டஸ். ஒரு நாளைக்கு நானூறு கோப்பை போகிறது, சீட்டுக் குழுவிலிருந்து இரண்டு பேர் கூட நிற்கிறார்கள். கிசிர்வா கவுண்டியில் ஆச்சரியப்படும்படி கள ஆய்வுகள் பெருகியிருக்கின்றன. காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் ஒரு ஆள் கிடையாது. எல்லா அதிகாரிகளும் நாலு கிலோமீட்டர் செம்மண்ணில் குலுங்கி வந்து, டாக்ஸி நிறுத்தத்தில் களத்தை ஆய்வு செய்கிறார்கள். கணக்கதிகாரி மூன்று தடவை ஆய்வு செய்கிறார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு காலை மகோகா ஒரு கனத்த ஆவணத்தோடு வந்தார். முகத்தில் மறுபடி ரத்தம் ஓட ஆரம்பித்திருந்தது.

"குழிக்கு டெண்டர் விட்டாச்சு ரோடாம்மா" என்றார். "நீங்களே போடுங்களேன். பெண்களுக்கு ஒதுக்கீடு. உங்க கையெழுத்துல பக்க எண் பாத்தா குழுவுக்கே ஒரு நிம்மதி."

ரோடா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இந்தத் தடவை ஒப்புதல் பெற்ற கடைசி ஆவணம் எது என்று அவளுக்குத் தெரியும், அவளுடைய தேநீர் விண்ணப்பம். முதல் பக்கத்தைத் திருப்பினாள். குழியில் பாலும் தண்ணீரும் சம அளவில் இருக்க வேண்டும். குழி சூடாக வழங்கப்பட வேண்டும். ஒவ்வொரு குழியுடனும் இரண்டு மண்டாஸி.

அவருடைய கோப்பையில் இரண்டாம் முறை ஊற்றிவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் சரி சார். குழிக்கு எத்தன கரண்டி சக்கரைன்னு போடலியே?"

மகோகா ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அத எழுத்து மூலமா கேளுங்க" என்றார்.